தாது வருடமும் தவக்குலும்

துன்பம் வாசலில் வந்து நிற்கும்போது நம் இல்லத்துப் பெரியவர்கள் சொல்லும் சொல் ஒன்று உண்டு. ‘அல்லாஹ் இருக்கிறான்’ என்பதே அச்சொல். கடன் நெருக்கும் போதும், நோய் வாட்டும் போதும், பயணம் போனவரிடமிருந்து செய்தி வராத போதும் அந்த இரண்டு சொற்களே அடுப்படியிலும் திண்ணையிலும் ஆறுதலாய் ஒலிக்கின்றன. ஆனால், அச்சொல்லின் பொருளை நாம் முழுமையாக உணர்ந்திருக்கின்றோமா? இடுக்கண் தீர்ப்பவன் இறைவன் என்று நம்புவது கைகட்டி அமர்ந்திருப்பதற்கு உரிமைச் சீட்டா, எழுந்து நடப்பதற்கு ஊன்றுகோலா? இவ்வினாவிற்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்திற்கும் கம்பத்திற்கும் இடையே அமைந்திருக்கும் அனுமந்தன்பட்டி வரை சென்றால் போதும்.

பெயரிலேயே அனுமனைத் தாங்கிய ஊர் அது. ஊருக்குள்ளே கத்தோலிக்கத் தேவாலயம். கூப்பிடு தொலைவில் உத்தமபாளையத்துப் பள்ளிவாசல்கள். மூன்று சமயத்தவரும் ஒரே ஆற்றின் நீரைக் குடித்து, ஒரே வாய்க்காலின் நீரைத் தங்கள் வயலுக்குத் திருப்பி வாழும் நிலம் அது. மேற்கே மதில் போல நிற்கும் மலைத்தொடர். கீழே நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும். இந்தப் பசுமையைக் காணும் வழிப்போக்கர், இது படைப்புக் காலந்தொட்டு இப்படியே இருந்ததென்று எண்ணக்கூடும். வரலாறு வேறு விதமாகச் சொல்கின்றது.

மழை மறைவு நிலம்

தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறமே பெற்றுக்கொள்கின்றது. மலையின் கிழக்கே உள்ள வைகை வெளிக்குக் கிடைப்பது எஞ்சிய சாரலும், வடகிழக்குப் பருவமழையின் கருணையுமே. மலையில் பிறக்கும் பெரியாறு மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்தது. கிழக்கே வைகையோ ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் சுருளியாறும் சிற்றோடைகளும் பழைய அணைக்கட்டுகளும் இருந்தன. உத்தமமுத்துக் கால்வாய், பாளையம் பரவுக் கால்வாய் போன்ற வாய்க்கால்களும் உள்ளன. ஆயினும் வானம் பொய்த்தால் வாய்க்கால் என்ன செய்யும்?

அந்த வானம் 1876ஆம் ஆண்டு பொய்த்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருடம். ஆகவேதான் ‘தாது வருடப் பஞ்சம்’ என்னும் பெயர் நம் பாட்டன்மார் நாவில் தலைமுறை கடந்தும் நின்றது. அவ்வாண்டு பருவமழை தவறியது. தாது கழிந்து ஈசுவர வருடம் பிறந்தும், 1877இன் கோடைக்குப் பின் வரவேண்டிய மழை காலத்தில் வரவில்லை. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் எனத் தென்னாடு முழுவதும் பசி பரவிற்று. 1878ஆம் ஆண்டுக்குள் மாண்டோர் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டவர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. மதுரைச் சீமையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் மக்கள் கூட்டம் கூட்டமாய் இலங்கையின் காபித் தோட்டங்களை நோக்கிக் கப்பலேறினர்.

நெல் இருந்தது, நெஞ்சம் இல்லை

இப்பஞ்சத்தில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மழை இல்லாதது உண்மை. ஆனால் தானியமே இல்லாமற் போகவில்லை. புகைவண்டிப் பாதைகள் இருந்தன. கிடங்குகளில் மூட்டைகள் இருந்தன. அந்த ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறி அயல்நாடு சென்றது. வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது அன்றைய வைசிராய் லிட்டன் பிரபுவின் கொள்கை. சென்னை மாகாண அரசு தொடக்கத்தில் 30,000 டன் தானியத்தை வாங்கி வைத்தபோது மேலிடம் அதனைக் கண்டித்தது. 1877 ஜனவரி முதல் நாளில் விக்டோரியா அரசியைச் சக்கரவர்த்தினியாக அறிவிக்கும் தர்பார் டில்லியில் ஆடம்பரமாய் நடந்துகொண்டிருந்த வேளையில், தெற்கே மக்கள் கிழங்குக்கும் வேருக்கும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆண்டு, சர் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலைக்கு வருவோர்க்குக் கூலியைக் குறைத்தார். வளர்ந்த ஆண் ஒருவர் நாள் முழுதும் மண் சுமந்தால் ஒரு இராத்தல் தானியமும் ஓரணாவும் கிடைக்கும். ஒரு இராத்தல் என்பது இன்றைய கணக்கில் 450 கிராம் அளவே. அந்த உணவில் உழைக்கும் உடல் உயிர் தாங்காது என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அந்த மருத்துவரின் இடைவிடாத எதிர்ப்புக்குப் பின்னரே, அவ்வாண்டின் இடையில் கூலி உயர்த்தப்பட்டது. ஒரு மனிதர் வாய் திறந்து உண்மையைச் சொன்னதால் எத்தனை உயிர்கள் எஞ்சினவோ, அதனை இறைவன் ஒருவனே அறிவான்.

நம் நாட்டுப்புறத்தில் வழங்கும் நல்லதங்காள் கதையை அறியாதார் இலர். பஞ்சத்தில் பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தவள், அண்ணியின் கல்நெஞ்சத்தால் துரத்தப்பட்டு, தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் எறிந்து தானும் மாய்ந்தாள் என்பது கதை. அவள் வந்த வீட்டிலே உணவுக்குப் பஞ்சமில்லை. கதவைத் திறக்கும் மனத்திற்கே பஞ்சம். மழை தவறுவது வானத்தில் நிகழ்கின்றது. மக்கள் பட்டினியால் சாவது மனிதர்களின் வாசற்படியில் நிகழ்கின்றது. இக்கதையைக் கேட்டு நம் பெண்டிர் கண்ணீர் வடிப்பதுண்டு. அத்துடன் நின்றுவிடாமல், நாம் அக்கதையில் யாராக இருக்கின்றோம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்; அவர்களுக்கும் உங்களுக்கும் உணவளிப்பவன் இறைவனே என்னும் கருத்தைத் திருக்குர்ஆன் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வலியுறுத்துகின்றது. அது தாய் தந்தையர்க்கு விடுத்த எச்சரிக்கை மட்டுமன்று. கையில் தானியம் வைத்துக்கொண்டு கதவை அடைப்போர்க்கும் அதுவே எச்சரிக்கை. பிறருடைய உணவு அவர்கள் கையில் அமானிதமாக இருக்கின்றது என்பதே அதன் உட்பொருள்.

தவக்குல் என்பது யாது?

அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டி நம்பி நிற்றலைத் தவக்குல் என்கின்றோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று ஒருவர் கேட்டபோது, முதலில் கட்டு, பின்னர் நம்பு என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். பறவைகள் காலையில் வெறும் வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புவதையும் பெருமானார் (ஸல்) எடுத்துக்காட்டினார்கள். பறவை நாளைக்கென்று சேமிப்பதில்லை; உண்மைதான். ஆனால் அது கூட்டிலேயே இருந்துகொண்டு வாய் பிளப்பதும் இல்லை!

எகிப்தில் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறும் இதுவே. ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்னும் கனவுக்குப் பொருள் சொன்ன அவர்கள், வரப்போவது இறைவனின் நாட்டம் என்று சொல்லி ஓய்ந்துவிடவில்லை. செழித்த ஏழாண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். கருவூலப் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்றார்கள். நபித்துவமும் களஞ்சிய நிர்வாகமும் ஒரே மனிதரிடம் கூடியிருந்ததைச் சிந்திப்போர், தவக்குலின் இலக்கணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

சாம்பல் ஆண்டு

தாது வருடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க பஞ்சம் ஒன்று இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே வந்தது. ஹிஜ்ரி 18, அதாவது கி.பி. 639. அரேபியாவில் மழை நின்றது. நிலம் சாம்பல் நிறமாய் மாறிற்று. ஆகவே அவ்வாண்டை ‘ஆமுர் ரமாதா’, சாம்பல் ஆண்டு என்றனர். பாலைவனத்து மக்கள் மதீனாவைச் சூழ்ந்து தங்கினர்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? மக்களின் துன்பம் தீரும் வரை நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை என்று உறுதி பூண்டார்கள். எண்ணெயையே உண்டு அவர்களின் மேனி கறுத்துப் போயிற்று என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். சிரியாவுக்கு அவசர மடல்கள் சென்றன. தானியம் சுமந்த ஒட்டகங்கள் வந்தன. அவ்வாண்டு ஜகாத் வசூலை ஒத்தி வைத்தார்கள். பசியால் திருடியவர் மீது தண்டனையை நிறுத்தி வைத்ததாகவும் அறிவிப்பு உண்டு. இவ்வளவும் செய்து, பெருமானாரின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மழைக்காகக் கையேந்தினார்கள். மழை வந்தது.

அத்துடன் கதை முடியவில்லை. பஞ்சம் நீங்கியபின் கலீஃபாவின் கட்டளைப்படி, எகிப்தின் ஆளுநர் அம்ருப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தூர்ந்து கிடந்த பழைய கால்வாய் ஒன்றை வெட்டித் திறந்தார்கள். நைல் நதியையும் செங்கடலையும் இணைத்த அக்கால்வாய்க்கு, முஃமின்களின் தலைவரின் கால்வாய் என்றே பெயர். நைல் கரையின் கோதுமை கப்பலேறி ஹிஜாஸின் துறைமுகத்தை அடைந்தது. மழை வேண்டி உயர்ந்த கைகளே மண்வெட்டியையும் எடுத்தன. துஆவும் கால்வாயும் அந்தத் தலைமுறைக்கு இரு வேறு செயல்களாகத் தோன்றவில்லை.

மலையைத் துளைத்த நீர்

கம்பம் பள்ளத்தாக்கிலும் பஞ்சத்திற்குப் பின் ஒரு கால்வாய் வந்தது. மேற்கே ஓடும் பெரியாற்றைத் தடுத்துக் கிழக்கே திருப்பும் எண்ணம் புதியதன்று. 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை அதனைச் சிந்தித்தார்; செலவுக்கு அஞ்சி அத்திட்டம் நின்றது. 1808இல் ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல், இது நடவாத கனவு என்று ஒதுக்கினார். 1850இல் தொடங்கிய சிறு முயற்சியைக் காய்ச்சலும் கூலிப் பூசலும் முடித்துவைத்தன. பின்னர் வந்த பொறியாளர்களின் வரைபடங்களும் தாளிலேயே உறங்கின.

உறங்கியதை எழுப்பியது தாது வருடப் பஞ்சமே. பஞ்ச விசாரணைக் குழுவின் 1880ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் பாசனத் திட்டங்களுக்கு மதிப்புக் கூடிற்று. 1882இல் பெரியாற்றுத் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பணி மேஜர் ஜான் பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் எழுதப்பட்டது. அணைக்கும் நீர்த்தேக்கத்திற்கும் 8,000 ஏக்கர் நிலம். மறு ஆண்டு வேலை தொடங்கிற்று.

அது எத்தகைய வேலை! சுற்றிலும் அடர்காடு. யானையும் புலியும் உலவும் மலை. பருவத்தில் பெருக்கெடுக்கும் ஆறு, எழுப்பிய தற்காலிகத் தடுப்புகளை மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. ஆற்றினும் கொடியதாய் வந்தது மலேரியாக் காய்ச்சல். ஆண்டுதோறும் காய்ச்சல் காலத்தில் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. சென்னைப் பயனீர் படையினரும், கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும், கீழ்நாட்டிலிருந்து மலையேறிய கூலி மக்களும் அங்கே உழைத்தனர். அவர்களில் பலர் திரும்பி இறங்கவே இல்லை. அணையருகே காட்டுக்குள் கல்லறைகள் உள்ளன. கல்லறையும் இல்லாமல் மண்ணானோர் அதனினும் மிகுதி.

சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையாலும் கருங்கல்லாலும், ஆழ்ந்த அடித்தளத்திலிருந்து 176 அடி உயரத்திற்கு அணை எழுந்தது. 5,704 அடி நீளச் சுரங்கம் மலையைத் துளைத்தது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மேற்கே ஓடிய நீர் மலையின் வயிற்றைக் கடந்து, வைரவனாறு, சுருளியாறு வழியே வைகையை அடைந்தது. பஞ்சம் தொடங்கிய ஆண்டிலிருந்து கணக்கிட்டால், 19 ஆண்டுகள். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் நிலமாக இன்று கணக்கிடப்படுகின்றது. அனுமந்தன்பட்டியைச் சூழ்ந்த பசுமையின் பின்னணி இதுவே.

பென்னிகுவிக் தம் சொத்துக்களை விற்று அணை கட்டினார் என்று பள்ளத்தாக்கு மக்கள் சொல்வதுண்டு. பதிவேடுகளின்படி அது பொதுப்பணித் துறை அரசுச் செலவில் செய்த வேலை. ஆனால் ஒரு பொறியாளருக்கு மக்கள் இத்தகைய கதையைச் சூட்டுவது அவர்களின் நன்றியைக் காட்டுகின்றது. லோயர் கேம்ப்பில் 2013 ஜனவரியில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15இல் உழவர்கள் பொங்கல் வைக்கின்றனர். நாம் வணங்குவதற்குரியவன் ஒருவனே. எனினும், மனிதர்க்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவன் ஆகான் என்பது பெருமானார் (ஸல்) கற்பித்த பண்பாகும். இறைவன் தன் உதவியை எவர் கையின் வழியாக அனுப்பினாலும், அந்தக் கையை மதிப்பது முஃமினின் கடமை.

மாண்டோர் அழைக்கவில்லையா?

ஈண்டு நெஞ்சை உறுத்தும் வினா ஒன்று எழுகின்றது. தாது வருடத்தில் மாண்ட இலட்சக்கணக்கானோர் இறைவனை அழைக்கவில்லையா? கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் கண்ணீர் பெருகத்தானே செய்தது? அவர்களுக்கு ஏன் விடுதலை வரவில்லை?

இவ்வினாவை எளிய விடையால் மூடிவிடலாகாது. அவர்கள் நம்பிக்கையில் குறைந்தவர்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. சாம்பல் ஆண்டை அடுத்தே சிரியாவின் அம்வாஸ் கொள்ளைநோய் வந்தது. அதில் மாண்டவர்களில் அபூ உபைதா (ரலி) போன்ற உயர்ந்த தோழர்களும் இருந்தனர். அவர்களினும் மேலான நம்பிக்கையாளர் யார்? ஆகவே, துன்பத்தில் மடிந்தவரை இறைவன் கைவிட்டான் என்று தீர்ப்பெழுதுவது நம் வேலையன்று. இவ்வுலகோடு கணக்கு முடிவதில்லை என்பதே நம் ஈமானின் அடிப்படை.

ஆனால் அந்த வினாவின் மறுபாதி நம்மை நோக்கியே திரும்புகின்றது. மறுமை நாளில் இறைவன் மனிதனிடம், நான் பசித்து வந்தேன், நீ உணவளிக்கவில்லையே என்று கேட்பான். அகிலத்தின் அதிபதியே, உனக்கு நான் எவ்வாறு உணவளிப்பேன் என்று மனிதன் திகைப்பான். பசித்து வந்த என் அடியானுக்கு நீ கொடுத்திருந்தால் அதனை என்னிடம் கண்டிருப்பாய் என்று விடை வரும். இக்கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். பட்டினிச் சாவைக் கண்டு இறைவன் எங்கே என்று நாம் கேட்கின்றோம். மறுமையிலோ, நீ எங்கே இருந்தாய் என்று நாமே கேட்கப்படுவோம். 1877இல் கிடங்கின் திறவுகோலை வைத்திருந்தோர்க்கு அக்கேள்வி காத்திருக்கின்றது. இன்று சிறிதும் பெரிதுமாய்த் திறவுகோல்களை வைத்திருக்கும் நமக்கும் அது காத்திருக்கின்றது.

நம் முன் உள்ள கடமை

உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி, செல்வம் அமானிதம் என்பதை உணர்ந்த தலைமுறையின் சின்னம். வயிற்றுப் பசிக்கு வாய்க்கால் போல, அறிவுப் பசிக்குக் கல்லூரி. அனுமந்தன்பட்டி போன்ற சுற்றூர்களின் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் எட்டும் தொலைவில் அது நிற்கின்றது. உலகம் முடியும் வேளை வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடு என்னும் நபிமொழியின் உணர்வு இத்தகைய செயல்களிலேதான் வாழ்கின்றது.

அணை இருந்தும் துன்பம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. நீர்மட்டம் பற்றிய வழக்கு இரு மாநிலங்களிடையே நெடுங்காலம் நடந்தது. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. மலைக்குக் கிழக்கே வறட்சியின் அச்சம். மேற்கே வெள்ளத்தின் அச்சம். இரு பக்கத்தாரும் இறைவனின் அடியார்களே. ஒரு வெள்ளிக்கிழமை மழை கேட்டு நாயகம் (ஸல்) அவர்கள் கையேந்த, ஒரு வாரம் ஓயாது பெய்தது. அடுத்த வெள்ளியன்று, எங்களைச் சுற்றிலும் பொழியட்டும், எங்கள் மீது வேண்டாம் என்று அவர்களே வேண்டினார்கள். ஒருவரின் வாழ்வு மற்றவரின் அழிவாகாத மழையைக் கேட்கக் கற்றுத் தரும் துஆ அது. நம் பிரார்த்தனையும் அவ்வாறே அமைதல் வேண்டும்.

ஆகவே, துன்பம் வரும்போது ‘அல்லாஹ் இருக்கிறான்’ என்று நம் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து சொல்வோம். அத்துடன், அவ்வாறு சொன்ன உமர் (ரலி) அவர்கள் உண்ட எண்ணெயையும், அவர்கள் திறக்கச் செய்த கால்வாயையும் சேர்த்துச் சொல்வோம். பள்ளத்தாக்கின் வயலில் நெற்கதிர் அசையும்போது, பெயர் தெரியாமல் மலையில் மடிந்த கூலித் தொழிலாளர்க்காகவும், பஞ்சத்தில் மாண்ட நம் முன்னோர்க்காகவும் ஒரு கணம் கையேந்துவோம். அண்டை வீட்டில் அடுப்பு எரிகின்றதா என்று பார்த்த பின்னரே நம் வீட்டு அடுப்பை மூட்டுவோம். இடுக்கண் நீக்குபவன் அவன். அந்த நற்பணியில் நம் கைகளையும் அவன் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.